சட்டி கைமாறும் நேரம்

கண்ட்ரோல் ரூமிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி ஓர் எண்ணெய் டேங்க். அதில் எவ்வளவு இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்தபடி தெரிய வேண்டும். பழைய வழி, இரண்டு கம்பிகள். டேங்க் காலியானால் கம்பியில் 4 மில்லிஆம்பியர் மின்சாரம் ஓடும், நிறைந்தால் 20. காலிக்கு 0 என்று வைத்திருக்கலாமே? வைக்கவில்லை. 0 வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம். இந்தச் சின்னச் சாமர்த்தியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கம்பி நம்பகமானதுதான். ஆனால் பள்ளம் தோண்டி, ட்ரே அடித்து, கேபிள் இழுப்பதற்குள், டேங்கில் அளவெடுத்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் விலையையே செலவு தாண்டிவிடலாம். சரி, ரேடியோவில் அனுப்பலாம் என்றால் ஆலை முழுக்க இரும்பு. அலைகள் குழாய்களில் பட்டுத் தெறித்துப் பல வழியாக வந்து சேரும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர்தான். ஆன்டெனாவை நாலு விரல் நகர்த்தினால் செத்த சிக்னல் பிழைக்கும், நடுவில் ஒரு லாரி வந்து நின்றால் மறுபடி சாகும்.

வீட்டுக்குத் தளம் போடும்போது கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். மெஷ் நெட்வொர்க்கும் அப்படித்தான். ஒவ்வொரு கருவியும் தன் அளவீட்டை அனுப்புவதோடு பக்கத்துக் கருவியுடையதையும் வாங்கிக் கடத்திவிடும். கடைசியில் இருக்கும் கேட்வே அதை மாட்பஸ் போன்ற ஒரு மொழியில் பிஎல்சியிடம், அதாவது ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியிடம், கொடுத்துவிடும். ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று வேண்டும் என்பதால், ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தது இரண்டு பக்கத்து ஆட்களாவது இருக்கும்படி அமைப்பார்கள்.

சட்டி வரும் நொடியில் எதிரே கை நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கலவை தரையில். கெட்டிக்காரத்தனம் முழுக்க இங்கேதான். 2007இல் வெளியாகி, 2010இல் ஐஇசி 62591 என்ற சர்வதேசத் தரமான வயர்லெஸ்ஹார்ட்டை எடுத்துக்கொள்வோம். ஆலைக் கருவிகளுக்கான மெஷ் முறை இது. அதில் ஒரு நொடி, 10 மில்லிசெகண்ட் கொண்ட 100 துண்டுகளாக வெட்டப்படுகிறது. எந்தத் துண்டில் யார் பேசுவது, யார் கேட்பது என்பதை, நெட்வொர்க்கை நடத்தும் மென்பொருளான நெட்வொர்க் மேனேஜர் முன்பே எழுதிக் கொடுத்துவிடும். முழு நீளச் செய்திக்கே சுமார் 4.3 மில்லிசெகண்ட்தான் ஆகும். மிச்ச நேரத்தில் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலும் அதே துண்டுக்குள் திரும்பிவிடும். பதில் வரவில்லையா, வேறொரு துண்டில் மறுபடி முயலும். துண்டுக்குத் துண்டு, 15 சேனல்களுக்குள் தாவிக்கொண்டே இருப்பதால் அந்த முயற்சி பெரும்பாலும் வேறு சேனலில் நடக்கும். பக்கத்து வைஃபை நாலைந்து சேனல்களை அடைத்துக்கொண்டாலும் மற்றவை திறந்தே இருக்கும்.

தன் முறை இல்லாத நேரம் முழுக்க ரேடியோ தூங்கும். பேட்டரி வருடக்கணக்கில் ஓடுவது அதனால்தான். ஆனால் தூங்கி எழ கடிகாரம் சரியாக வேண்டுமே! பத்து லட்சத்தில் 10 பங்கு பிழையுள்ள இரண்டு படிகக் கடிகாரங்கள் எதிரெதிர்த் திசையில் விலகினால், நொடிக்கு 20 மைக்ரோசெகண்ட் வித்தியாசம். 50 நொடியில் ஒரு மில்லிசெகண்ட். அதனால் செய்தி எதிர்பார்த்த நேரத்துக்கு எவ்வளவு முன்பின்னாக வந்தது என்று அளந்து, கருவிகள் கடிகாரத்தையும் அவ்வப்போது திருத்திக்கொள்கின்றன.

இதுவரை சொன்னது உள்ளே வரும் சிக்னல், அதாவது இன்புட். டேங்க் அளவு இரண்டு நொடி தாமதமாக வந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வெளியே போகும் கட்டளை, அதாவது அவுட்புட், அப்படியில்லை. ‘பம்பை நிறுத்து’ என்ற கட்டளை வழியில் தொலைந்தால் டேங்க் வழியும். எனவே கட்டளையை வாங்கிச் செயல்படுத்தும் அவுட்புட் மாட்யூல் நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் புதுச் செய்தி வராவிட்டால், யாரும் சொல்லாமலேயே, பம்புக்கான மின்சுவிட்சான ரிலேயைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். எது பாதுகாப்பு என்பது இடத்தைப் பொறுத்தது. டேங்கை நிரப்பும் பம்ப் நிற்க வேண்டும், குளிர்விக்கும் தண்ணீர் பம்ப் ஓட வேண்டும்.

இன்புட்டிலும் ஒரு கண்ணி உண்டு. இணைப்பு போன பிறகும் திரையில் கடைசியாக வந்த 62 சதவீதம் அசையாமல் நிற்கும். பார்ப்பவர் டேங்க் அமைதியாக இருப்பதாக நினைத்துக்கொள்வார். இது பழைய எண் என்று கேட்வே குறி போட்டுச் சொல்ல வேண்டும், அந்தக் குறியை பிஎல்சி நிரலில் மறக்காமல் படிக்கவும் வேண்டும். கம்பியில் 0 மில்லிஆம்பியர் சும்மா செய்து கொடுத்த வேலை இது.

ஆலையை அவசரமாக நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு மட்டும் இன்றைக்கும் பெரும்பாலும் கம்பிதான் இழுக்கிறார்கள்.