மாட்டின் காதுக்குள் அடங்கும் அன்ரெனா

வன்னியில் காலபோக விதைப்புத் தொடங்கினால் மாடுகளுக்கு வயல் பக்கம் இடமில்லை. பட்டி பட்டியாகக் காட்டோர மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அங்கே பல பட்டிகள் கலந்துவிடும். எந்த மாடு யாருடையது என்பதற்குத் தோலில் சுட்ட குறிதான் காலங்காலமாகச் சாட்சி. சூடு மாட்டுக்குப் பெரிய வேதனை. வேறு பல நாடுகளில் இந்த வேலையை இப்போது காதில் மாட்டும் ஆர்.எஃப்.ஐ.டி (கம்பியில்லாமல் வானொலி முறையில் அடையாளம் காட்டும்) தகடு செய்கிறது. பற்றரி கிடையாது. படிக்கும் கருவியான ரீடரைக் கிட்டக் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைத் தந்துவிடும்.

அந்தத் தகட்டில் சிப் மிகமிகச் சின்னது. மிச்ச இடமெல்லாம் பெரும்பாலும் அன்ரெனாவுக்குத்தான். சிப்புக்கு வேண்டிய மின்சாரத்தைப் பிடித்துக் கொடுப்பதும் அதுவே, எண்ணை வெளியே அனுப்புவதும் அதுவே. ஆகவே தகட்டின் அளவை முடிவுசெய்வது அன்ரெனாதான்.

சாதாரணமாக அன்ரெனா ஒன்று நன்றாக வேலை செய்ய, அலைநீளத்தில் பாதியளவு நீளம் வேண்டும். விலங்குகளுக்கான ஐ.எஸ்.ஓ 11785 தரம் சொல்லும் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) 134.2 கிலோஹேர்ட்ஸ். அதன் அலைநீளம் 2.2 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பாதி என்றாலும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் கம்பி வேண்டும். மாட்டின் காதில் அது நடக்கிற காரியமில்லை. அதனால் இங்கே அலையைப் பிடிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, ரீடருக்குப் பக்கத்தில் உருவாகும் காந்தப்புலத்தைப் பிடிக்கிறார்கள். அதற்குத் தேவை ஒரு செப்புச் சுருள்.

சுருளுக்குள் காந்தப்புலம் கூடிக் குறையும்போது அதில் மின்னழுத்தம் பிறக்கும். ஆனால் அது மிகச் சிறியது. சுருளையும், சிப்புக்குள் மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் கொள்ளளவியையும் 134.2 கிலோஹேர்ட்ஸில் பரிவுறும்படி, அதாவது அந்த மீடிறனுக்கு ஒத்து அதிரும்படி, பொருத்தினால், அதே புலத்திலிருந்து பல மடங்கு மின்னழுத்தம் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கொள்ளளவி 210 பிக்கோபராட் என்றால், சுருளின் தூண்டுதிறன் ஏறக்குறைய 6.7 மில்லிஹென்றி இருக்க வேண்டும். 2.4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் அதைப் பெற கம்பியை ஏறக்குறைய 400 தடவை சுற்ற வேண்டிவரும். இடம் போதாது என்று கம்பியை மெல்லிசாக்கினால் தடை கூடும், பரிவு மழுங்கும், படிக்கும் தூரம் குறையும். அளவைக் குறைக்க இன்னொரு வழி, பெரைற் என்ற, இரும்பு ஒட்சைட்டு கலந்த பீங்கான் போன்ற பொருளாலான கோலில் சுற்றுவது. பெரைற் காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக் குவிக்கும். தோலுக்கடியில் செலுத்தும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் 12 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட கண்ணாடிக் குழாய்த் தகடு அப்படித்தான் சாத்தியமானது.

சரி, மீடிறனைக் கூட்டினால் அன்ரெனா தானாகச் சிறுக்குமே? சிறுக்கும். 900 மெகாஹேர்ட்ஸ் அளவில் அலைநீளம் 33 சென்ரிமீற்றர்தான், பாதி 16 அல்லது 17. அதைப் பாம்புபோல் வளைத்து மடித்தால் இன்னும் சிறிய இடத்தில் அடங்கும். பல மீற்றர் தூரத்திலிருந்தே படிக்கலாம் என்பதால் கடைப் பொருட்களுக்கும் களஞ்சியங்களுக்கும் இது அருமையான தெரிவு. ஆனால் மடிக்க மடிக்க ஒரு விலை கொடுக்க வேண்டும். சிறிய அன்ரெனாக்களுக்கு இயற்கை வைத்த எல்லையை 1947இல் வீலர், 1948இல் சூ என்ற இரு பொறியியலாளர்கள் கணித்துக் காட்டினார்கள். அந்த எல்லைக்கு அருகில், வினைத்திறனை விட்டுக்கொடுக்காமல் அளவைப் பாதியாக்கினால் பட்டை அகலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது அந்த அன்ரெனா ஒரேயொரு மீடிறனுக்குப் பக்கத்தில் மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும். பக்கத்தில் ஈரமான எதுவும் வந்தால் பரிவு கீழே நகர்ந்துவிடும். மாட்டின் காதோ தண்ணீரும் இரத்தமும் நிறைந்தது. நகர்வது போதாதென்று 900 மெகாஹேர்ட்ஸ் சக்தியில் ஒரு பகுதியைத் தசையும் விழுங்கிவிடும். காதில் ஒட்டியிருக்கும் நிலையை முன்கூட்டியே கணக்கில் எடுத்து வடிவமைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். 134.2 கிலோஹேர்ட்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. நனைந்த தோலையும் சேற்றையும் அதன் காந்தப்புலம் கண்டுகொள்வதேயில்லை.

இதனால்தான் மாரி மழையில் நனைந்து, குளத்துச் சேற்றில் புரளும் வன்னி மாட்டுக்குத் தாழ் மீடிறன் சுருளே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். அதன் குறை தூரம். சுருளிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, தூரம் இரு மடங்கானால் காந்தப்புலம் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். ஒரு மீற்றர் அளவு கிடைத்தாலே நல்லது. காட்டில் நிற்கும் மாட்டைத் தேடிப்பிடிக்க இது உதவாது. பட்டி வாசலில் ஒவ்வொன்றாகக் கடக்கவிட்டுப் படிக்கத்தான் உதவும்.

வாசலிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புலக் கோடுகள் சுருளின் வட்டத்தை ஊடுருவிப் போனால்தான் மின்சாரம் பிறக்கும். மாடு தலையைத் திருப்பி, வட்டத்தின் தளம் அந்தக் கோடுகளுக்கு இணையாகிவிட்டால், ரீடருக்கு முன்னால் நின்றாலும் தகடு பேசாது. வாசலில் இரண்டு ரீடர் சுருள்களை வெவ்வேறு திசையில் வைத்து, ஒன்று மாறி ஒன்று இயக்கினால், மாடு தலையை வைத்திருக்கும் பெரும்பாலான நிலைகளில் ஏதாவதொன்றில் எண் விழுந்துவிடும்.