அறுந்த பிறகும் வால் ஏன் துள்ளுகிறது?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "வீட்டுப் பல்லியை விளக்குமாற்றால் விரட்டினேன். வால் மட்டும் தனியே விழுந்து துள்ளியது. ரத்தமே வரவில்லை. நீங்கள் வளர்க்கிற கெக்கோவுக்கும் இப்படி ஆகுமா? திரும்ப முளைக்குமா?"

ஆகும், முளைக்கவும் செய்யும். ஆனால் முளைப்பது பழைய வால் இல்லை. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பல வருஷங்களாக லெப்பர்டு கெக்கோ வளர்க்கிறேன். இந்த உயிரினத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் அதன் வாலைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

முதலில் ஆளைச் சுருக்கமாக அறிமுகப்படுத்திவிடுகிறேன். லெப்பர்டு கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட பாறை நிலத்துக்குச் சொந்தமான பல்லி. 1854இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர், கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டியின் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத். மஞ்சள் தோலில் கரும்புள்ளிகள், ஒரு சாண் நீளம் அல்லது கொஞ்சம் கூட. நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு. கண்ணை மூடித் தூங்கும். சுவரில் ஒட்டும் பாதம் கிடையாது, நகத்தால் தரையில் நடக்கும். இதே பேரினத்தில் நமக்கு இன்னும் பக்கத்திலேயே சொந்தக்காரர்கள் உண்டு. 2022இல் ஆந்திரம், ஒடிசா பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஒரு புதிய இனத்தை விவரித்திருக்கிறார்கள். வளர்ப்பவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. காட்டில் பிடித்தது என்று தெரிந்தால் எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

சரி, வாலுக்கு வருவோம்.

வால் "அறுகிறது" என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். எதிரி பிடித்து இழுத்ததால் பிய்ந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது அதுவல்ல, பல்லி தானாகவே வாலைக் கழற்றிவிடுகிறது. யாரும் தொடாமல் வெறும் பயத்திலேயே வாலை விட்ட கெக்கோக்கள் உண்டு.

இதற்கான ஏற்பாடு எலும்பிலேயே இருக்கிறது. வாலின் அடியில் இருக்கும் முதல் சில முள்ளெலும்புகளை விட்டுவிடுங்கள், அவை உடையாது. அதற்குப் பின்னால் உள்ள முள்ளெலும்புகளில், எலும்பின் நடுவே குறுக்காக ஒரு பலவீனமான தளம் ஓடுகிறது. கவனியுங்கள், இரண்டு எலும்புகள் சேரும் மூட்டில் இல்லை, ஒரே எலும்பின் நடுவில். அஞ்சல் தலைத் தாளில் கிழிப்பதற்கென்று வரிசையாகத் துளை போட்டிருப்பார்களே, அப்படி. எலும்பு மட்டுமல்ல, அதே தளத்தில் தசைக் கட்டுகளும் முடிகின்றன, கொழுப்பும் பிரிந்து நிற்கிறது, தோலின் பிடிப்பும் அங்கே குறைவு. ஒரு பகுதியின் தசை கூம்பு கூம்பாக அடுத்த பகுதிக்குள் நுழைந்து நிற்கிறதே ஒழிய, பின்னிப் பிணைந்து வளர்வதில்லை. ஆபத்து என்று மூளை முடிவெடுத்ததும் அந்த இடத்துத் தசைகள் வெடுக்கென்று சுருங்குகின்றன. எலும்பு அந்தத் தளத்தில் இரண்டாகிறது, தசைகள் நழுவிப் பிரிகின்றன, கடைசியில் தோல் விடுகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள்.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தினர் 2012இல் இதைத் துருவிப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது டோக்கே கெக்கோ என்ற பெரிய பல்லியை. திசுவைக் கரைக்க ஏதாவது நொதி அந்த நேரத்தில் வேலை செய்கிறதா என்பது கேள்வி. அப்படி எதுவும் இல்லை. வால் முன்கூட்டியே துண்டு துண்டாக வெட்டிவைத்தது போலத்தான் இருக்கிறது, வெறும் ஒட்டுவிசைதான் அதைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. பிரிந்த தசை நார்களின் நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவை காளான் குடை போல உப்பியிருந்தன. அந்த உருமாற்றமே ஒட்டுவிசையைக் குறைத்து வாலை விடுவிக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். உடலின் ஒரு பாகம், பிறந்த நாளிலிருந்தே பிரிவதற்குத் தயாராக வளர்கிறது! இதை முதல் தடவை படித்தபோது கூண்டுப் பக்கம் போய், தூங்கிக்கொண்டிருந்த கெக்கோவின் வாலில் உள்ள வளையங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தடித்த வாலில் வரிவரியாகத் தெரிகிற அந்தப் பள்ளங்கள் உள்ளே உள்ள பகுதிகளையே காட்டுகின்றன.

ரத்தம் ஏன் வரவில்லை? வாலுக்குப் போகிற தமனியில் ஆங்காங்கே தசை வளையங்கள் இருக்கின்றன. வால் பிரிந்ததும் முறிவுக்கு முன்னால் உள்ள வளையம் இறுகிக் குழாயை மூடிவிடுகிறது. சில சொட்டுக்கு மேல் போகாது. இதே வாலைக் கதவிடுக்கில் நசுக்கினால் ரத்தம் வரும், ஏனென்றால் அது பல்லி தேர்ந்தெடுத்த இடம் அல்ல.

அப்புறம் அந்தத் துள்ளல். இதில்தான் லெப்பர்டு கெக்கோ ஆராய்ச்சி உலகில் பேர் வாங்கியது. திமோதி ஹையம், ஆன்டனி ரஸ்ஸல் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வாலின் தசைகளில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, பிரிந்த பிறகு அது என்ன செய்கிறது என்று பதிவு செய்தார்கள். வெறும் துடிப்பு என்றால் ஒரே மாதிரி இடமும் வலமும் ஆடி ஓய வேண்டும். அப்படியும் ஆடியது. ஆனால் நடுநடுவே, முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி, வால் தன்னைத்தானே புரட்டிக்கொண்டு 3 சென்டிமீட்டர் உயரம் வரை எகிறியது! இரண்டு வகை அசைவுக்கும் தசைகளில் மின்பதிவு வேறு வேறாக இருந்தது.

மூளை இல்லை, கண் இல்லை, இருப்பது வாலுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு துண்டு தண்டுவடம் மட்டும். அந்தத் துண்டுக்குள்ளேயே அசைவுக்கான நரம்புச் சுற்றுகள் முழுதாக இருக்கின்றன. நடப்பது, நீந்துவது போன்ற தாளமான அசைவுகளுக்கெல்லாம் முதுகெலும்பிகளின் தண்டுவடத்தில் இப்படிப்பட்ட சுற்றுகள் உண்டு, மேலிருந்து மூளை அவற்றை இயக்கும், அடக்கும். வால் பிரிந்ததும் மேலிடத்துத் தொடர்பு போய்விட்டது, சுற்று தன்னிச்சையாக ஓடுகிறது. ரத்த ஓட்டம் நின்றுவிட்டதால் ஆக்சிஜன் கிடையாது. தசை தன்னிடம் உள்ள சர்க்கரைச் சேமிப்பை ஆக்சிஜன் இல்லாமலே எரித்துச் சில நிமிடங்கள் ஆடுகிறது, லாக்டிக் அமிலம் சேர்ந்து ஓய்கிறது. அதற்குள் பூனையோ நரியோ வாலைத் துரத்திக்கொண்டிருக்கும், பல்லி பாறை இடுக்குக்குள் போயிருக்கும்.

இதற்கு விலை உண்டு. லெப்பர்டு கெக்கோவின் வால் உடல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு, பஞ்ச காலத்துக்கான சேமிப்பு. அதை ஒரே நொடியில் இழந்த பல்லி, கால்களை இன்னும் அகட்டி வைத்துத் தாழ்வாக நடக்கிறது. வால் திரும்ப வளர்ந்ததும் நடையும் திரும்புகிறது.

என்னிடம் இருக்கிற பெண் கெக்கோ ஒன்று, வேறொருவர் வளர்க்க முடியாமல் கொடுத்தது. வந்தபோதே அதற்கு இரண்டாவது வால். பேர் மிளகு. வால் அடிப்பக்கத்தில் இரண்டு வளையம் வரை பழையது, புடைத்த செதில்களோடு சொரசொரப்பாக இருக்கும். அதற்குப் பின்னால் சட்டென்று வழுவழுப்பு, வளையமே இல்லாமல் உருண்டு திரண்டு நுனியில் கூராகிவிடும். புள்ளிகளும் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். விரலை மெதுவாக ஓட்டினால் பழையதும் புதியதும் சேரும் எல்லை தெளிவாகத் தெரியும்.

உள்ளே வித்தியாசம் இன்னும் பெரிது. புதிய வாலில் முள்ளெலும்பே கிடையாது, ஒரே நீளமான குருத்தெலும்புக் குழாய்தான். மூட்டு இல்லை, முறிவுத் தளமும் இல்லை. அடுத்த முறை ஆபத்து வந்தால், மிச்சமிருக்கிற பழைய பகுதியில்தான் கழற்ற முடியும். அதனால் மிளகின் கணக்கில் மிச்சம் அதிகம் இல்லை.

இந்தக் குழாய்க்குள் இருப்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த விஷயம். புதிதாக வளர்ந்த தண்டுவடம்!

நம் உடலில் தண்டுவடம் அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. காயத்தில் தழும்பு கட்டுகிறது, நரம்பு அதைத் தாண்டி வளர்வதில்லை, ஒருவரின் வாழ்க்கையே சக்கர நாற்காலியில் முடங்கிவிடுகிறது. கெக்கோவின் வால் காயத்தில் அந்தத் தழும்புக் கட்டமே நடப்பதில்லை. சுமார் ஒரு வாரத்தில் பொருக்குக்கு அடியில் புதுத் தோல் மூடிவிடும். அதன் கீழே, இன்னும் எதுவாகவும் ஆகாத செல்கள் ஒரு மொட்டு போலக் குவிகின்றன. அந்த மொட்டு நீண்டு, உள்ளே ரத்தக்குழாய், குருத்தெலும்பு, தசை, கொழுப்பு எனப் பிரிகிறது. இளம் பல்லிகளில் ஒரு மாதம் சுற்றியே வாலின் உருவம் வந்துவிடுகிறது.

இதைத் தொடர்ந்து ஆராய்பவர்களில் முக்கியமானவர் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உள்ள மேத்யூ விக்கரியஸ். தண்டுவடத்தின் நடுக் கால்வாயைச் சுற்றி ஒரு வரிசைச் செல்கள் இருக்கின்றன, நரம்பு மண்டலத்தின் மூலச்செல்கள். சாதாரண நாளில் அவை சும்மா இருக்கும். வால் போனதும் விழித்துப் பெருகத் தொடங்கி, குழாயாக நீண்டு புது வாலுக்குள் போகின்றன என்று அவருடைய குழு 2018இல் காட்டியது. பழைய தண்டுவடம் போல இது முழுமையானது அல்ல. புதுத் தசைகளை ஆட்டும் நரம்புகள், முறிவுக்கு முன்னால் மிஞ்சிய கடைசி நரம்புகளிலிருந்தே கிளைத்து வருகின்றன. ஆனாலும் தழும்பு கட்டாமல் வளர்ந்ததே, அதுதான் முக்கியம். தவளை இனத்துக்குச் சொந்தமான, வால் உள்ள சாலமண்டர் இதைவிட நன்றாகவே செய்யும். ஆனால் பரிணாமத்தில் நமக்குப் பல்லி நெருக்கம், சாலமண்டர் தூரம்.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தைப் பார்த்து "பல்லி வாலுக்கா இவ்வளவு செலவு" என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். எனக்கு இதில் கோபமே வரும். எந்தக் கேள்வியிலிருந்து மருத்துவம் பிறக்கும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. எலியிடம் இல்லாத ஒரு திறமையை எலியிடம் தேடிக்கொண்டே இருக்க முடியாது. வீட்டுக்கு வீடு பல்லி இருக்கிற நம் நாட்டில், கல்லூரி ஆய்வகங்கள் இதைக் கையில் எடுக்கத் தாராளமாகப் பணம் தர வேண்டும்.

நாமோ பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கிறோம். பல்லி விழுந்த பாலைக் குடித்தால் விஷம் ஏறும் என்கிறோம். பல்லிக்கு விஷம் கிடையாது. அதன் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதனால் பாலைக் கொட்டுவது சரி, பல்லியை அடிப்பது தவறு. இந்த விஷயம் வளர்ப்பவர்களுக்கும் பொருந்தும்: கெக்கோவைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரத்தைக் கழுவக் கூடாது.

வால் இவ்வளவு சுலபமாகத் திரும்புகிறதே, மற்ற உறுப்பும் முளைக்குமா என்று கேட்பார்கள். முளைக்காது. கெக்கோ தோல் உரிக்கும்போது ஈரப்பதம் போதவில்லை என்றால் விரல் நுனியில் பழைய தோல் மோதிரம் போல இறுகிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று அந்த விரல் போய்விடும், போனது போனதுதான். ஆகவே கூண்டின் ஒரு மூலையில் ஈரமான பாசி வைத்த சின்னப் பெட்டி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். உரித்த தோலை அதுவே தின்றுவிடும், நாம் பார்க்க வேண்டியது விரல்களை மட்டும்.

வளர்ப்பவர்களுக்கு வால்தான் அளவுகோல். வாலின் தடிமன் கழுத்தின் தடிமனுக்குச் சமமாக இருந்தால் நல்ல உடம்பு. அதைவிட மிகப் பெருத்து, முன்னங்கால் அக்குளில் குமிழ் போலப் புடைத்தால் தீனி அதிகம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வால் குச்சியாக மெலிந்தால் தாமதிக்காமல் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது மற்ற கெக்கோக்களுக்கும் பரவும். வால் அசைவும் பேசும். முழு வாலும் மெதுவாகப் பாம்பு போல நெளிந்தால் பயம், கையை எடுத்துவிடுங்கள். நுனி மட்டும் படபடவென்று நடுங்கினால் இரையைக் குறிவைத்துவிட்டது.

வால் போன கெக்கோ வீட்டில் இருந்தால், முதல் வேலை அதைத் தனியே வைப்பது. தரையில் மணல், மண் எதுவும் வேண்டாம், வெள்ளை டிஷ்யூ பேப்பரைத் தினமும் மாற்றினால் போதும். காயத்தில் மஞ்சள், எண்ணெய் என்று எதையும் பூசாதீர்கள். மொட்டு வளர வேண்டிய இடம் அது. கதகதப்பான மறைவிடம் 31 முதல் 33 டிகிரி, மறுகோடி 25 டிகிரி அளவில் இருக்கட்டும், தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட்டர் வைக்கவே வேண்டாம். சேமிப்பு முழுதும் போய்விட்டதால் கிரிக்கெட் பூச்சிகளை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, கால்சியம் பவுடர் தூவிக் கொடுங்கள். தின்னாமல் விட்ட பூச்சிகளை ராத்திரி கூண்டிலேயே விடாதீர்கள், அவை காயத்தைக் கடிக்கும். பொருக்கு உதிரும் வரை கையில் தூக்க வேண்டாம். சீழோ, வீக்கமோ, கெட்ட வாடையோ வந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.