கம்ப்யூட்டர் எப்படி நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனால் பலரும் உடனே ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். பழுது ஹார்டுவேரில் இருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. புது விண்டோஸும் அப்படியேதான் நிற்கும். காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் பழைய பதிவுகள் அழிந்ததுதான் மிச்சம். அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் அது எப்படி நிற்கிறது என்று இரண்டு மூன்று முறை கவனியுங்கள்.

மின்சாரம் போனதுபோல் சட்டென்று அணைந்தால், சூடு அல்லது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி). போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அணைந்து, உடனே மறுபடி போட்டால் இன்னும் சீக்கிரம் அணைகிறதா? சூடுதான். கேம் தொடங்கிய அந்த நொடியே அணைந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படலாம்.

சூட்டுக்குப் பெரும்பாலும் காரணம் தூசிதான். ஆனால் மேலாகப் பார்த்தால் தெரியாது. பிராசஸர் ஃபேனைக் கழற்றினால், அதற்கும் சூட்டை உறிஞ்சும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். காற்று உள்ளே போகவே வழி இருக்காது. பிரஷ்ஷால் எடுங்கள். பிளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். ஹீட் சிங்கையே கழற்றினால், அதற்கும் பிராசஸருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை முழுக்கத் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தால் போதும். நிறைய வைத்தால் நன்றாகக் குளிரும் என்பது தப்புக் கணக்கு.

எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் லைன் 11.4-இலிருந்து 12.6 வரை இருக்கலாம். சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் சரியாகக் காட்டினாலும் நம்பிவிட முடியாது; லோடு ஏறும்போதுதான் சரியும். நன்றாக வேலை செய்யும் இன்னொன்றை மாற்றிப் பார்ப்பதே உருப்படியான சோதனை. அதன் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவண்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் மறுபடி ஆன் ஆகியிருக்கிறது என்பதைத் தவிர அந்த எண் எதையும் சொல்லவில்லை. ஹார்டுவேர் பிழைகளைக் குறித்துவைக்கும் ‘வீயா-லாகர்’ (WHEA-Logger) பதிவு இருந்தால்தான் ஹார்டுவேர் பக்கம் உறுதியாகப் போகலாம்.

பிழை விவரத்தோடு நீலத்திரை வந்தால் அதிர்ஷ்டம்தான், ஒரு துப்பாவது கிடைக்கிறது. படிப்பதற்குள் மறைந்துவிட்டால் விண்டோஸின் ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி’ செட்டிங்கில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பிழைக் குறியீடு, அதே டிரைவர் ஃபைல் பெயர் என்றால், அந்த டிரைவரைப் பழைய வெர்ஷனுக்கு மாற்றிப் பாருங்கள். குறியீடு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் ரேம் மீதுதான் முதல் சந்தேகம். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங் திரை) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை அணைத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து ரேம் சோதனை புரோகிராமான மெம்டெஸ்ட்86-ஐ ஓட்டுங்கள். 4 சுற்று முடிய பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பழுதுதான். பிறகு ஒவ்வொரு ரேமையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள். எல்லா ரேமும் அங்கே பிழை காட்டினால் ஸ்லாட்டையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

திரை உறைந்து, டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தால் ஃபைல்களை அப்போதே வேறு டிரைவுக்கு காப்பி எடுங்கள். அதற்கு முன் விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். பழுதான இடங்களைத் தேடச் சொல்லி (/r) ஓட்டினால் அது டிஸ்க் முழுவதையும் படிப்பதால், சாகக் கிடக்கும் டிஸ்க் அதிலேயே போய்விடலாம். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புரோகிராமில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் எண்கள்) பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் இடங்கள்) இரண்டின் எண்ணிக்கையும் பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சி7 (தகவல் கடத்துவதில் வரும் பிழை) மட்டும் ஏறினால் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஃபார்மட் செய்யலாம். அப்போதும் விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போதே பாதியில் நின்றால், பழைய விண்டோஸில் குற்றமில்லை. மறுபடி ரேமிலிருந்து ஆரம்பியுங்கள்.