கம்ப்ரசர் டேங்க் சான்றிதழ்: ஃபைலில் இருந்தால் மட்டும் போதாது

விதி சின்னது. அழுத்தத்தில் காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்கை, அரசு அங்கீகரித்த ‘தகுதி பெற்ற நபர்’ ஒருவர் குறித்த காலத்தில் பரிசோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிப்புறத்தை 6 மாதத்துக்கு ஒருமுறை, உட்புறத்தை 12 மாதத்துக்கு ஒருமுறை, தண்ணீர் நிரப்பிச் செய்யும் ஹைட்ரோ டெஸ்ட் 4 ஆண்டுக்கு ஒருமுறை. உள்ளே பார்க்க வழியில்லாத டேங்க் என்றால் ஹைட்ரோ டெஸ்ட் 2 ஆண்டுக்கு ஒருமுறை. பட்டறைகளில் நிற்கும் சின்ன டேங்க்குகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். கை நுழையும் துளைகூட இருக்காது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 31-ஆம் பிரிவும் அதன் கீழ் வந்த தமிழ்நாட்டு விதிகளும் இதற்கு அடிப்படையாக இருந்தன. 2025 நவம்பர் 21-இல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. அதோடு, மின்சாரம் பயன்படுத்தும் இடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கான ஆள் கணக்கு 10-லிருந்து 20 ஆகிவிட்டது.

முதல் குழி அந்த ஆள் கணக்கில்தான் இருக்கிறது. மூன்று பேர் வேலை செய்யும் பங்சர் கடைக்கோ பெயின்டிங் பட்டறைக்கோ ஆய்வாளர் வரப்போவதில்லை. ‘நமக்கு விதி இல்லை’ என்று உரிமையாளர் நிம்மதியாக இருப்பார். ஆனால் டேங்க் வெடித்தால் இழப்பீடு தரும் பொறுப்புக்கு ஆள் கணக்கே கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது அலைச்சல். பாய்லர் அலுவலகத்தில் போய் நிற்பவர்கள் நிறைய. அது நீராவிக்கான துறை. காற்று டேங்குக்கு அங்கே வேலை இல்லை. போக வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உங்கள் பகுதி அலுவலகம். அங்கும் ‘டெஸ்ட் பண்ணிக் கொடுங்கள்’ என்று கேட்டால் கையை விரிப்பார்கள், ஏனென்றால் டெஸ்ட் செய்வது அவர்கள் வேலை இல்லை. கேட்க வேண்டியது தகுதி பெற்ற நபர்களின் பட்டியல். கம்ப்ரசர் விற்ற கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அவர் தரும் தாள் சர்வீஸ் ரிப்போர்ட் மட்டுமே. பட்டியலில் இருப்பவரிடமும் இரண்டு விஷயம் பாருங்கள்: அவருடைய அங்கீகாரம் எந்தத் தேதி வரை, அது அழுத்தக் கலன்களுக்கு உண்டா. லிஃப்ட்டுக்கோ கிரேனுக்கோ மட்டும் அங்கீகாரம் வாங்கியவர் டேங்குக்குப் போட்ட கையெழுத்து செல்லாது.

மூன்றாவது குழிதான் மோசமானது. டேங்கைத் தொடாமலே தரப்படும் சான்றிதழ். நேம் பிளேட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் மறுநாள் தாள் வந்துவிடும். அதை வாங்கி ஃபைலில் போட்டவர், விபத்து நடந்த பிறகு அந்தத் தாளை வைத்துத் தப்பிக்க முடியாது. உண்மையான டெஸ்ட் என்றால் தாளில் இவை இருக்கும்: டேங்க் சீரியல் எண், அனுமதித்த அதிகபட்ச அழுத்தம், சோதித்த அழுத்தம், எத்தனை நிமிடம் நிறுத்திப் பார்த்தார்கள், சேஃப்டி வால்வ் (அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து காற்றை வெளியே விடுவது) எந்த அழுத்தத்தில் திறந்தது, அல்ட்ராசோனிக் கருவியில் அளந்த தகட்டின் கனம். கனத்தை எங்கே அளந்தார்கள் என்று கேளுங்கள். படுக்கை டேங்கில் தண்ணீர் தேங்குவது அடிவயிற்றில். துரு அரிப்பதும் அங்கே, தேங்கிய தண்ணீரை வடிக்கும் டிரெயின் காக் சாக்கெட்டைச் சுற்றி. குனியாமல் நின்றபடியே பக்கவாட்டில் மட்டும் அளந்தால் கனம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

தண்ணீருக்குப் பதில் காற்றையே ஏற்றி ‘டெஸ்ட்’ செய்ய யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். தண்ணீர் ஏறக்குறைய அமுங்கவே அமுங்காது. டேங்க் விட்டுக்கொடுத்தால் கசிந்து நின்றுவிடும். அமுங்கிய காற்று அப்படியே விரிந்து தகட்டைக் கிழிக்கும்.

நேம் பிளேட்டின் மேல் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டி எடுங்கள். பிளேட்டே இல்லாத டேங்க், காயலான் கடையில் வாங்கிய லாரி பிரேக் டேங்க், வெட்டி ஒட்டிய கேஸ் சிலிண்டர் ஆகியவற்றுக்குச் சான்று வாங்க அலையாதீர்கள். எந்த அழுத்தத்துக்குச் செய்தது என்றே தெரியாத கலனுக்கு மனசாட்சி உள்ளவர் கையெழுத்துப் போட மாட்டார்.

சான்று வந்த பிறகும் கோட்டை விடுவது சேஃப்டி வால்வில். அடிக்கடி ‘புஸ்’ என்கிறது என்று வால்வைக் கழற்றி பிளக் அடிப்பார்கள். அது திறப்பதற்குக் காரணம் பெரும்பாலும், அழுத்தம் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டிய பிரஷர் ஸ்விட்ச்சின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடுவது. ஸ்விட்ச்சை மாற்ற வேண்டும். டேங்குக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவில் எந்த அடைப்பு வால்வும் இருக்கக் கூடாது. பழைய டேங்கில் பெரிய பம்ப்பை ஏற்றினால், அந்தப் பம்ப் தள்ளும் காற்று முழுவதையும் வெளியேற்றும் அளவுள்ள சேஃப்டி வால்வும் வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜில் அலகைப் பாருங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ என்றால் 142 பிஎஸ்ஐ. டிரெயினை நாள்தோறும் வேலை முடிந்ததும் திறந்து விடுங்கள். பொட்டுக் கசிவு தெரிந்தால் அங்கே வெல்டிங் வைக்காதீர்கள். துளை விழுந்த இடத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குத் தகடு காகிதமாகியிருக்கும். அந்த டேங்கை மாற்றுவது ஒன்றே வழி.

இனி, வெடித்துவிட்டால். ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு அந்த வழிதான். இல்லாதவருக்கு 1923 முதல் இருந்த இழப்பீட்டுச் சட்டம். இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 7-ஆம் அத்தியாயம். மின்சாரம் ஓடும் பட்டறையில் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் பொருந்தும். இறப்பு என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்றால் 6,000-ஐ 207.98-ஆல் பெருக்க, 12,47,880 ரூபாய்.

உரிமையாளரின் ஆட்கள் இரண்டு லட்சத்தோடு துக்க வீட்டுக்கு வந்து முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்பது இந்தக் கணக்கு தெரிவதற்கு முன்பே. இறப்பு வழக்கில் பணத்தை இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்ததால் பொறுப்பு தீர்ந்துவிடாது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய தாளும் செல்லாது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறும், அபராதமும் உண்டு. மனுவை 2 ஆண்டுக்குள் கொடுங்கள். ‘விபத்து நடந்த மாவட்டத்தில் போய்க் கொடு’ என்று அலையவிட்டால், மனுதாரர் குடியிருக்கும் பகுதியிலும் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்.

மஸ்டர் ரோலே (வருகைப் பதிவேடு) இல்லாத கடையில் ‘இவர் எங்கள் ஆளே இல்லை’ என்பார்கள். சம்பளம் வந்த யுபிஐ பதிவுகள், கடை பில்லில் உள்ள கையெழுத்து, சீருடையில் எடுத்த போட்டோ எல்லாம் சாட்சி. உடைந்த டேங்கும் சாட்சிதான். மறுநாளே இரும்புக் கடைக்குப் போய்விடும். அதற்குள் கிழிந்த ஓரத்தையும் நேம் பிளேட்டையும் சேஃப்டி வால்வ் இருந்த இடத்தையும் போட்டோ எடுத்துவிட்டு, டேங்கைக் கைப்பற்றும்படி காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.