புதுப்பிக்கத்தக்க எரிசக்தியா, ஊறும் ஆற்றலா?

போன மாதம் கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு கூட்டம், மொட்டை மாடியில் சோலார் போடுவது பற்றி. மைக் பிடித்தவர் "மரபுசாரா புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆதாரங்கள்" என்று மூச்சுவிடாமல் நாலைந்து முறை சொல்லிவிட்டார். முன்வரிசையில் இருந்த, கருவாடு காயப்போட்டு விற்கிற ஓர் அம்மா எழுந்து, "ஏம்ப்பா, புதுப்பிக்கணும்னா வருஷா வருஷம் ரினிவல் பண்ணணுமா? அதுக்குத் தனியா பணம் கட்டணுமா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. தமிழில் புதுப்பிப்பது என்றால் அதுதானே பொருள்? வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்கிறோம், ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், இன்சூரன்சைப் புதுப்பிக்கிறோம், சிதிலமான கோயிலைப் புதுப்பிக்கிறோம். எல்லாவற்றிலும் ஒரு கெடு உண்டு, ஒரு செலவு உண்டு, புதுப்பிக்கிற ஆள் ஒருவர் உண்டு. வெயிலை யார் புதுப்பிக்கிறார்கள்?

இந்தச் சொல் எப்படி வந்தது என்பது பெரிய மர்மம் இல்லை. ரினியூவபிள் என்ற ஆங்கிலச் சொல்லை மூன்றாக நறுக்கினால் 'மறுபடி', 'புது', 'முடியும்' என்று மூன்று துண்டு கிடைக்கும். 'மறுபடி', 'புது' இரண்டையும் சேர்த்துப் 'புதுப்பி' ஆக்கி, 'முடியும்' இருந்த இடத்தில் 'தக்க' வைத்து ஒட்டிவிட்டார்கள். 'தக்க' என்பது 'தகு' என்ற வேரிலிருந்து வருவது, தகுதியைச் சொல்வது. பாராட்டத்தக்கவர், தண்டிக்கத்தக்க குற்றம் என்றால் சரியாக இருக்கிறது. புதுப்பிக்கத்தக்க காற்று என்றால், 'காற்று பழசாகிவிட்டது, புதுப்பிக்கும் அளவுக்குத் தகுதியோடு இருக்கிறது' என்றல்லவா ஆகிறது.

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் 'மரபுசாரா' இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நம் ஊரை வைத்தே பார்ப்போம். மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. பாத்தி கட்டி, கடல்நீரை விட்டு, வெயிலும் காற்றும் காய்ச்சித் தருகிற உப்பு. தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் கரை நெடுகக் கருவாடு காய்கிறது. பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே கரையில் இருக்கிறார்கள். புறநானூற்று 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோனைச் சொல்லும்போது "வளிதொழில் ஆண்ட உரவோன்" என்கிறார். காற்றின் தொழிலை ஆண்டவன். கப்பலோட்டக் காற்றை வேலை வாங்கினான் என்பதை மூன்றே சொல்லில் சொல்லிவிட்ட மொழி இது. இதே மொழியில், காற்றாலை மின்சாரம் மரபைச் சாராததாம்! எது மரபைச் சார்ந்ததாம்? நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. அந்த நிறுவனம் தொடங்கியது 1956இல். எழுபது வருஷப் பழக்கம் மரபு ஆகிவிட்டது, ஈராயிரம் வருஷப் பழக்கம் மரபுசாராதது ஆகிவிட்டது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், ஆங்கிலத்தில் 'கன்வென்ஷனல்' என்று எழுதியவர்கள் 'இப்போது வழக்கத்தில் உள்ள' என்ற பொருளில் எழுதினார்கள். நிலக்கரி, எண்ணெய், பெரிய அணை, இவையே அன்றைய வழக்கம், மற்றவை வழக்கத்துக்கு வெளியே. மொழிபெயர்த்தவர் 'வழக்கம்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'மரபு' என்று எழுதினார். வழக்கம் நேற்றுக்கூடத் தொடங்கலாம். மரபு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது. இந்த வித்தியாசம் பத்தாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். இன்னொரு தொல்லை, பள்ளிப் பிள்ளைகள் 'மரபணு', 'மரபியல்' படித்துவிட்டு வந்து இந்த 'மரபு'வையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். என் அண்ணன் மகள், "சித்தப்பா, இது ஜீன் சம்பந்தப்பட்டதா?" என்றே கேட்டாள்.

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை அவர்களே கைவிட்டுவிட்டார்கள். 1982இல் ஒன்றிய அரசு இந்த வகை ஆற்றலுக்கென்று ஒரு துறை தொடங்கியபோது அதன் பெயரில் 'நான்-கன்வென்ஷனல்', அதாவது இந்த 'மரபுசாரா', இருந்தது, 1992இல் தனி அமைச்சகம் ஆனபோதும் இருந்தது, 2006 அக்டோபரில் அதை எடுத்துவிட்டு 'நியூ அண்ட் ரினியூவபிள்' என்று மாற்றிக்கொண்டார்கள். அதே 2006 அக்டோபரில்தான் பாண்டிச்சேரி அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனது. பெயர்ப்பலகை, முத்திரை, அலுவலகத் தாள் எல்லாம் மாறின. ஊர்ப் பெயரையே மாற்ற முடிந்த நமக்கு ஒரு கலைச்சொல்லை மாற்ற இத்தனை வருஷம் போதவில்லை. நோட்டீசுகளில் பார்க்கிறேன், இன்னும் மரபுசாரா, மரபுசாரா.

மற்ற சொற்களும் உண்டு. 'பசுமை எரிசக்தி' என்கிறார்கள். சொல்ல எளிது, ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அந்தச் சொல் காட்டாது, யார் வேண்டுமானாலும் எதன்மேலும் ஒட்டிக்கொள்ளலாம். 'வற்றாத ஆற்றல்' கேட்க நன்றாக இருக்கிறது. அதிலும் ஒரு பிசகு இருக்கிறது. விறகும் இந்த வகையில்தான் சேரும், சவுக்குத் தோப்பு வெட்ட வெட்டத் திரும்ப நட்டு வளர்க்கலாம், ஆனால் வளர்கிற வேகத்தைத் தாண்டி வெட்டினால் தோப்பு காலி. வற்றாது என்று வாக்குக் கொடுத்துவிட்டால் யார் சிக்கனமாக இருப்பார்கள்? 'மீள்சக்தி' இவற்றுக்குத் தேவலை. ஆனால் 'ரி' என்று தொடங்கும் எதைக் கண்டாலும் 'மீள்' போடுவது இப்போது ஒரு வியாதி ஆகிவிட்டது. மீள்பதிவு, மீள்பார்வை, மீள்வாசிப்பு. அந்தச் சொற்களின் கூட்டத்தில் இதுவும் ஒன்றாகக் காணாமல் போகும்.

என் முடிவு 'ஊறும் ஆற்றல்'. இது என் மூளையில் உதித்தது என்று சொல்லமாட்டேன். கூட்டம் முடிந்ததும் அந்த அம்மாவிடம் போய், "பணமெல்லாம் கட்டவேண்டாம்மா, நாம எடுக்க எடுக்க வெயில் தானா வந்துட்டே இருக்கும், அதைத்தான் அப்படிச் சொல்றாங்க" என்றேன். "அப்போ ஊத்துனு சொல்லு" என்றார். அவ்வளவுதான். தொட்டனைத்தூறும் மணற்கேணி என்ற குறள் நமக்கு மனப்பாடம், தோண்டத் தோண்ட ஊறும் என்பது இந்தக் கடலோரத்து மணலில் கையால் பள்ளம் பறித்த எல்லோருக்கும் கண்கூடு. ஊறுவதற்கு ஆள் வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஆனால் அதற்கென்று ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகத்தை மீறி இறைத்தால் அடிமண் தெரியும், கடலோரத்தில் உப்புத்தண்ணீரும் உள்ளே வந்துவிடும். வீடு பெருகி, குடம் பெருகினாலும் ஊற்று தன் வேகத்தில்தான் ஊறும். வெயிலும் அப்படியே: ஒரு கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் தரும், அவசரப்படுத்தினால் அஞ்சாவது யூனிட் வராது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வாங்கி மாடி நிறையத் தகடு போட்டுவிட்டு, 'இனிமே கவலை இல்லை' என்று மூன்று அறையிலும் ஏசி ஓடவிடுகிறவர்களுக்கு இந்த ஒரு சொல்லே கணக்குச் சொல்லிக்கொடுக்கும்.

எதிர்ச்சொல்லும் சுலபமாகக் கிடைக்கிறது: ஊறாத ஆற்றல். நெய்வேலிச் சுரங்கத்தில் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் இருக்கிறது, அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரி வெட்ட முடியும். நீர் ஊறிக்கொண்டே இருக்கும். வெட்டிய கரி திரும்ப ஊறாது.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். 'ஊறு' என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே, 'ஊறு விளைவித்தல்' என்கிறோமே என்று தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. அதனால்தான் 'ஊறாற்றல்' என்று சுருக்கக்கூடாது என்கிறேன். 'ஊறும்' என்று வினையாக நின்றால் தீங்கு என்ற பொருள் வராது. அன்பு ஊறும், அறிவு ஊறும், வாயில் எச்சில் ஊறும், யாரும் பயந்ததில்லை. எறும்பு ஊர்வதற்கு வேறு ரகரம், அதையும் குழப்பவேண்டாம்.

அப்புறம், எரிசக்தி. எரிபொருளுக்கு அது பொருத்தம். கரி எரிகிறது, எண்ணெய் எரிகிறது. மாடியில் கிடக்கும் தகட்டில் என்ன எரிகிறது? "லைட் எரியுது" என்று சொல்கிறோமே என்பார்கள். சொல்கிறோம்தான். 2011 டிசம்பர் 30இல் 'தானே' என்ற புயல் அடித்துப் போட்டு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் சோலார் லாந்தர் இருந்தது, "அங்க வெளக்கு எரியுது" என்றுதான் எல்லோரும் அந்தத் திண்ணைக்குப் போனோம். எரிந்தது விளக்கு. அதற்கு ஆற்றல் கொடுத்தது எதையும் எரிக்கவில்லை. ஆரோவில்லில் 15 மீட்டர் அகலக் கிண்ணம் ஒன்று இருக்கிறது, வெயிலைக் குவித்து நீரை ஆவியாக்கிச் சோறு சமைக்கக் கட்டியது, அந்த ஆவிக்கு நெருப்பே வேண்டாம். அதையும் சூரிய எரிசக்தி என்று எழுதினால் எப்படி? ஆற்றல் என்ற நல்ல சொல் கைவசம் இருக்கிறது.

புதுச்சொல் மக்களிடம் போகாது என்பவர்களுக்கு நம் வீட்டுக் குப்பைத்தொட்டியைக் காட்டுகிறேன். பச்சைத் தொட்டியில் மக்கும் குப்பை, நீலத்தொட்டியில் மக்காத குப்பை. 'உயிரியல் முறையில் சிதைக்கத்தக்க கழிவு' என்று யாரோ எழுதியிருந்தால் இன்று ஒரு தெருவில்கூடப் பிரித்துப் போட்டிருக்க மாட்டார்கள். மக்கு என்பது மண்வெட்டி பிடிக்கிறவர்கள் வாயில் இருந்த சொல், அதை எடுத்து அப்படியே வைத்தார்கள், ஊர் முழுக்கப் பிடித்துக்கொண்டது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன்னால் ஒருமுறை கிணற்றடிக்கும் உப்பளத்துக்கும் போய் நின்று, அங்கே என்ன சொல்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டால் போதும்.

பரீட்சை எழுதும் பிள்ளைகள் மட்டும் இப்போதைக்குப் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள், மதிப்பெண் போய்விடக்கூடாது. நோட்டீஸ் அடிக்கிறவர்கள், கூட்டத்தில் பேசுகிறவர்கள் 'ஊறும் ஆற்றல்' என்று போட்டு, பக்கத்திலேயே 'வெயில், காற்று, சாண எரிவாயு' என்று சேர்த்துவிடுங்கள். ரினிவல் கேள்வி வராது.