முட்டி பின்னால் வளைகிறதா? முதலில் கணுக்காலைப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர் என்னிடம் முட்டி வலிக்குச் சிகிச்சைக்காக வந்தார். "முட்டிக்குப் பின்னாடி இழுக்குது, முன்னாடி குத்துது. தேய்மானமா மேடம்?" மலையில் முட்டி வலி என்றாலே எல்லோர் வாயிலும் முதலில் வருவது தேய்மானம்தான். நேராக நிற்கச் சொல்லி, பக்கவாட்டில் அவர் செல்போனிலேயே படம் எடுத்துக் காட்டினேன். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நேராக இறங்க வேண்டிய கால், முட்டியில் வில் மாதிரி பின்னால் வளைந்திருந்தது.

"நான் நேராத்தானே நிக்கிறேன்?" என்று படத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சொன்னதில் பொய்யில்லை. வருடக்கணக்கில் அப்படியே நின்று பழகியதால் அவர் உடம்புக்கு அதுதான் நேர்.

காலை நீட்டும்போது முட்டி 5 டிகிரி வரை பின்னால் போவது பலருக்கும் இயல்பு. வலியில்லாவிட்டால் விட்டுவிடலாம். 10 டிகிரியைத் தாண்டி, வலியும் சேர்ந்தால் கவனிக்க வேண்டும். இப்படி நிற்கும்போது தொடைத் தசைக்கு அதிக வேலையில்லை; முட்டிக்குப் பின்னாலுள்ள ஜவ்வுதான் இழுபட்டு முட்டியைத் தாங்குகிறது. முன்பக்கம் முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திண்டு நசுங்குகிறது. அந்தக் குத்தல் அங்கிருந்துதான்.

சரி, ஏன் வளைந்தது? சரிவில் மேட்டைப் பார்த்து நின்று பாருங்கள். நுனிக்கால் மேலே, குதிகால் கீழே. கணுக்கால் நன்றாக மடங்கினால்தான் உடம்பு முன்னால் வரும். கெண்டைக்கால் இறுகியிருந்தால் அது மடங்காது, முட்டி பின்னால் போய்விடும். கால் கட்டைவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடச் சொன்னேன். அவரால் 3 சென்டிமீட்டரில்கூட முடியவில்லை.

அதனால் கெண்டைக்காலில் தொடங்கினோம். சுவரில் கை ஊன்றி 30 விநாடி நீட்டல். அப்போதும் முட்டியைப் பின்னால் தள்ளக் கூடாது; தள்ளினால் இழுப்பு கெண்டைக்காலுக்குப் போகாமல் ஜவ்வுக்குத்தான் போகும். இறுக்கம் தளரும்வரை செருப்புக்குள் குதிகாலுக்கடியில் ஒரு ரப்பர் துண்டு. அப்புறம் பின்தொடைக்கு: மல்லாந்து படுத்து, முட்டி மடக்கி, இடுப்பைத் தூக்குவது. கடைசியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தாழ்வான படியிலிருந்து மெதுவாக இறங்குவது. இறக்கத்தில் தொடை தளர்ந்தால் முட்டி 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். குன்னூர் படிக்கட்டுகளில் இறங்கிப் பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

குதிகாலுக்கடியில் டவலை மடித்து வைத்து முட்டியைக் கீழே அழுத்தும் பயிற்சி ஒன்று உண்டு. முட்டி நீட்ட முடியாதவர்களுக்கானது அது. ஆரம்ப காலத்தில் நானே இந்த வகைக் காலுக்கு அதைக் கொடுத்து வலியை அதிகமாக்கியிருக்கிறேன்.

எல்லா வளைவையும் திருத்தவும் கூடாது. இந்தியா 2014-இல் போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றுவிட்டது. ஆனால் சிறுவயதில் போலியோ வந்தவர்கள் இன்றும் நம்மிடையே நடக்கிறார்கள். தொடையில் பலமில்லாத அவர்கள் முட்டியைப் பின்னால் பூட்டித்தான் நிற்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் விழுவார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விளையாடும்போது முட்டி திடீரெனப் பின்னால் மடங்கி, சத்தம் கேட்டு, வீங்கினால் பயிற்சியெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். பாதம் குளிர்ந்தாலோ மரத்தாலோ அது அவசரம். ஊட்டிக் குளிர் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

ஆறு வாரத்தில் அந்த அக்காவுக்குச் சுவர் 7 சென்டிமீட்டரில் எட்டியது. குத்தல் குறைந்தது. ஆனால் பஸ்ஸுக்காக நிற்கும்போது மட்டும் மறந்துபோய்ப் பழையபடி பூட்டிக்கொள்கிறாராம். ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து நிற்கச் சொல்லியிருக்கிறேன்.