‘பாரோ’வுக்குத் தமிழில் ஈமமேடு

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் புல்வெளிகளில், ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங்காலக் கல்வட்டத்தைச் சுற்றிலும், கவிழ்த்து வைத்த சட்டிகளைப் போல் மண்மேடுகள் தெரியும். வரலாற்றுக்கு முந்தைய மக்கள் தங்கள் இறந்தோருக்கு எழுப்பியவை அவை. ஆங்கிலத்தில் ‘பாரோ’ என்பார்கள். தமிழில் அப்படியே எழுதினால் எகிப்திய மன்னர்தான் நினைவுக்கு வருவார்.

பழைய ஆங்கிலத்தின் ‘பெயோர்க்’ இதன் வேர். குன்று, மேடு என்று பொருள். மலையைக் குறிக்கும் ஜெர்மன் ‘பெர்க்’ இதற்கு உறவு. சாவு என்ற பொருள் முதலில் இச்சொல்லில் இல்லை. பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மண் அள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியையும் ஆங்கிலத்தில் ‘பாரோ’ என்பதுண்டு. அது ‘சுமத்தல்’ என்னும் வினையில் பிறந்த வேறு சொல். இரண்டையும் குழப்பக் கூடாது.

நீள்மேடு, வட்டமேடு என இரண்டு பெரிய வகைகள். நீள்மேடு புதிய கற்காலத்தது. வெஸ்ட் கென்னட்டில் உள்ளது ஏறத்தாழ 100 மீட்டர் நீளம், கி.மு. 3650 வாக்கில் எழுந்தது. கிழக்கு முனையில் கல்லால் கட்டிய அறைகளில் ஆண், பெண், குழந்தைகள் என 30க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கலந்து கிடந்தன. வட்டமேடுகளில் பெரும்பாலானவை வெண்கலக் காலத்தவை. சிலவற்றில் முழு உடல், சிலவற்றில் தாழியில் இட்ட சாம்பலும் எரிந்த எலும்பும்.

இந்தக் கடைசிச் செய்தியே தமிழ்ச்சொல்லைத் தீர்மானிக்க வேண்டும் என்பேன். ‘புதைமேடு’ என்றால் எரித்தவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள். ‘பதுக்கை’ அழகான சொல். ‘அம்பு விட வீழ்ந்தோர் வம்பப் பதுக்கை’ என்கிறது புறநானூறு. ஆனால் அது கற்குவியல்; இங்கிலாந்தில் இருப்பதோ பெரும்பாலும் மண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும்.

‘ஈமம்’ சுடுகாட்டைக் குறிக்கும் சொல். அதே சொல் புதைப்புக்கும் பொருந்துவதைப் புறநானூற்றின் 256ஆம் பாட்டில் காணலாம். கணவனை இழந்தவள், ‘ஈமத்தாழி’யைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையும்படி குயவனைக் கேட்கிறாள். எரித்தாலும் புதைத்தாலும் பொருந்தும் அச்சொல்லோடு, ‘பெயோர்க்’ குறித்த மேட்டையும் சேர்த்தால் ‘ஈமமேடு’ கிடைக்கிறது.

இடப்பெயர்களில் மட்டும் மூலச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 1808இல் அகழ்ந்தபோது பொன் தகடுகள் கிடைத்த மேட்டுக்குப் ‘புஷ் பாரோ’ என்பது பெயர். அது ஒரு வட்ட ஈமமேடு என்று அடுத்த வரியில் எழுதிவிட்டால் போதும்.